பன்முகி என்றால் நகைப்பதேன்?

சென்ற ஆண்டு தைத் திங்களில், தில்லியின் அரசுக் குடியிருப்பு ஒன்றின் சமுதாயக் கூடத்தில், தமிழன்பர் சிலர் கூடி மாணவர் பேச்சுப் போட்டி ஒன்றை நடத்தினர். நடத்தியவர் யார் என்பது இங்கு வேண்டா. தமிழர் கூடும் எந்தக் கூடத்திலும் நிகழக்கூடியதே அன்றும் நிகழ்ந்தது. ‘இவ்வாண்டு நான் கற்றவற்றுள் சிறந்தது’ என்பது தலைப்பு. பேசிய பிள்ளைகளுள் பலர் குறளின் பெருமையையும் பொங்கலின் சிறப்பையும் மனப்பாடமாக ஒப்பித்துக் கைதட்டல் பெற்றனர். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் கையில் ஓர் இனிப்புப் பெட்டியுடன் மேடையேறினாள். பெட்டியைத் திறந்து, கல்லுப்பின் படிகம் ஒன்றையும், இரு வாரம் நீர்க்குவளையில் நூலில் கட்டி வளர்த்த படிகாரப் படிகம் ஒன்றையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். “இந்தப் பெட்டி, இந்த உப்பு, இந்தப் படிகாரம், மூன்றும் பன்முகிகள்” என்று தொடங்கினாள்.

அவையில் நகைப்பு எழுந்தது. பின்வரிசையில் இருந்த ஒருவர், 2005-இல் வெளிவந்த ‘சந்திரமுகி’ என்னும் திரைப்படத்தின் பெயரை உரக்கக் கூவினார். நகைப்பு இரட்டித்தது. தலைமை தாங்கிய பெரியவர் அன்புள்ளம் கொண்டவர். தமிழை நன்கு கற்றவர். அவர் குனிந்து, “பாலிஹெட்ரன்னே சொல்லும்மா, அப்பதான் எல்லாருக்கும் புரியும்” என்றார். சிறுமி சற்று நேரம் நின்றாள். பின்னர் உப்பையும் படிகாரத்தையும் பெட்டியில் இட்டு மூடிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அச்சிறுமி எம் மகள். நாம் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தோம். எழுந்து ஒரு சொல் கூறினோம் அல்லேம். அண்டை இருக்கையர் நம்மை நோக்கியபோது, நாமும் அவரைப் போலவே முறுவலித்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம். அன்று கூறியிருக்க வேண்டிய விடையை ஓராண்டு கழித்து இம்மலரில் எழுதுகின்றோம். காலம் கடந்த விடை எனினும், விடையற்ற அமைதியினும் அது நன்று.

நகைத்தது ஏன்?

விளங்காத சொல்லைக் கேட்டு எவரும் நகைப்பதில்லை, விழிப்பர். அவை நகைத்தது, சொல் விளங்காமையால் அன்று, நன்கு விளங்கியமையால். திங்களைப் போன்ற முகம் உடையவள் சந்திரமுகி என்பதை அறிந்தவர், பல முகம் உடையது பன்முகி என்பதை நொடியில் அறிந்துகொண்டார். அறிந்ததனாலன்றோ திரைப்படத்தின் பெயர் அவர் நாவில் வந்தது? வகுப்பறையில் ஆசிரியர் அரை மணி நேரம் விளக்க வேண்டியதன் முதற்பாதியை அச்சொல் கூவிய மாத்திரத்திலேயே விளக்கிவிட்டது. அதற்கு நாம் அளித்த பரிசு நகைப்பு.

போட்டி முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் நண்பர் சிலரை வினவினோம். அனைவரும் பட்டம் பெற்றவர். இருவர் பொறியியல் கற்றவர். ‘பாலி’ என்பது ‘பல’ என எல்லாரும் கூறினர். ‘ஹெட்ரன்’ என்பது யாது என்று கேட்டபோது ஒருவரும் விடை கூறவில்லை. நமக்கும் அன்று தெரியாது. வீடு சேர்ந்து அகராதியைப் புரட்டிய பின்னரே தெரிந்தது. ஆகவே, எல்லார்க்கும் விளங்கும் எனப்பட்ட சொல் ஒருவர்க்கும் விளங்கவில்லை. ஒருவர்க்கும் விளங்காது எனப்பட்ட சொல் எல்லார்க்கும் விளங்கியது. இதனைத் தலைகீழாகக் கண்டதுதான் அன்றைய அவையின் அறிவு.

பழகிய சொல் வேறு. விளங்கிய சொல் வேறு. பழக்கத்தை விளக்கம் என்று கருதும் பிழையில்தான் நம் குடும்பங்கள் பலவும் வாழ்கின்றன.

இருக்கையும் பலகையும் முகமும்

‘ஹெட்ரா’ என்பது கிரேக்கத்தில் இருக்கையைக் குறிக்கும். ஒரு பொருள் எதன்மேல் அமர்கின்றதோ அதுவே அதன் இருக்கை. ஆயரின் நாற்காலி உள்ள தேவாலயத்தைக் ‘கதீட்ரல்’ என்று அழைப்பதும் அந்த ஹெட்ராவின் வழியே வந்த வழக்கு. தட்டையான பல பக்கங்களை உடைய திண்மத்தைத் தரையில் உருட்டினால் அது ஏதேனும் ஒரு பக்கத்தின்மேல் அமரும். எப்பக்கமும் அதற்கு இருக்கையாகலாம். எனவே கிரேக்கர் அதனைப் ‘பல இருக்கையுடையது’ என்றனர். அழகிய கருத்து, ஆயின் கிரேக்கம் அறிந்த பிள்ளைக்கன்றோ அழகு?

நம் அண்டை வீட்டு இந்திக் குழந்தை அதே திண்மத்தைப் ‘பஹுஃபலக்’ என்று கற்கின்றது. ‘ஃபலக்’ என்பது நம் பலகைக்கு உறவான சொல். பல பலகைகளால் ஆனது என்று அம்மொழி அதனைக் கண்டது. நடுவணரசு 1961-இல் அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தை நிறுவி இத்தகைய சொற்களைத் தொகுத்து வருகின்றது. நம் அலுவலகங்களிலும் சொற்பட்டியல்கள் வந்து அடுக்கப்படுகின்றன. அவற்றை எடுத்துக்காட்டி இந்தி அலுவலர் பேசும்போது நம்மவர் எவரும் நகைத்துக் கண்டதில்லை.

கடல் கடந்து காண்போம். உருசியர் இதனைப் ‘பல பட்டையுடையது’ என்னும் பொருள்பட ‘ம்னோககிரான்னிக்’ என்பர். ஒல்லாந்தர் ‘பல தளம்’ எனப் பொருள்படும் ‘ஃபேல்ஃப்ளாக்’ என்னும் தம் சொல்லையும் வழங்குகின்றனர். சீனரும் சப்பானியரும் ‘பல முக உடல்’ என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதுகின்றனர். அவர்கள் கண்டதும் நம்மைப் போலவே முகந்தான். இவர்களுள் யார் கணிதத்தில் பின்தங்கினர்? உருசியாவின் கணித வல்லமைக்கு ம்னோககிரான்னிக் தடையாக நின்றதா? தாய்மொழிச் சொல் பிள்ளையைக் கிணற்றுத் தவளை ஆக்கும் என்பவர் இதற்கு விடை கூறட்டும்.

நாற்காலியின் இலக்கணம்

இனி, ‘பன்முகி’ செயற்கைச் சொல், வாயில் நுழையாத சொல் என்னும் வழக்கை எடுத்துக்கொள்வோம். பல் என்னும் சொல்லின் லகரம், மகரம் வந்து சேர்கையில் னகரமாகும். கல், மலையோடு சேர்ந்து கன்மலை ஆவது போல, பல் முகத்தோடு சேர்ந்து பன்முகம் ஆயிற்று. அதன்மேல் உடையது என்னும் பொருளில் இகரம் ஏறிற்று, பன்முகி ஆயிற்று. இவ்வளவே இதன் பிறப்பு.

இந்த இகரம் நேற்றுத் தோன்றியதன்று. நான்கு கால் உடையது நாற்காலி. மூன்று கால் உடையது முக்காலி. அன்று நகைத்தவர் அனைவரும் நாற்காலியில் அமர்ந்தே நகைத்தனர்! ‘நாற்காலி’ என்னும் சொல்லில் எவரும் செயற்கையைக் காணவில்லை. நான்கு கால் நாற்காலி ஆகுமெனின், நான்கு முகம் நான்முகி ஆகாதா? நான்முகன் என்று பிரமனையும் ஆறுமுகம் என்று நம் பிள்ளைகளையும் அழைத்து வரும் வாய்க்கு, அறுமுகி எங்ஙனம் நுழையாது போகும்?

முகம் என்பது வடசொல்லா தமிழ்ச் சொல்லா என்று அறிஞர் வழக்காடுவர். அவ்வழக்கு நமக்கு வேண்டா. அது நம் வீட்டுச் சொல். அடுப்படியிலும் அங்காடியிலும் வழங்கும் சொல். அதுவே போதும்.

இவ்வகையில் அமைந்த குடும்பத்தைக் காண்மின். நான்முகி, அறுமுகி, எண்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி. எண்ணத் தெரிந்த குழந்தைக்கு இவற்றின் முகத்தொகை பெயரிலேயே கிடக்கின்றது. டெட்ரா, ஹெக்சா, ஆக்டா, டோடெகா, ஐகோசா என்று கிரேக்க எண்களை மனப்பாடம் செய்யும் பிள்ளை, முதலில் ஒரு மொழியின் எண்களைக் கற்று, பின்னரே வடிவத்தைக் கற்கின்றது. குறையும் கூறுவோம்: பன்முகியும் பன்னிருமுகியும் செவிக்கு நெருங்கி ஒலிப்பன, விரைந்து கூறின் மயங்கும். குறையற்ற மொழி உலகில் இல்லை. அதனைப் பொறுத்துத் தெளிவாகக் கூறப் பழகுவதே செயற்பாலது.

முகங்கள் அனைத்தும் ஒரே அளவினவாய், ஒவ்வொன்றும் சமபக்கமும் சமகோணமும் உடையதாய், ஒவ்வோர் உச்சியிலும் அதே தொகையில் கூடுவனவாய், புறத்தே எங்கும் உட்குழிவு இன்றி அமைந்த பன்முகிகள் மேற்கூறிய ஐந்து மட்டுமே. ஏன்? ஓர் உச்சியில் மூன்று முகங்களேனும் கூடவேண்டும். அங்குக் கூடும் கோணங்களின் தொகை 360 பாகைக்குக் குறையவேண்டும். குறையாவிடின் அவை தட்டையாகிவிடும், கூரை எழாது. சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை; மூன்று, நான்கு, ஐந்து கூடலாம்; ஆறு கூடின் 360 ஆகிவிடும். சதுரத்தின் கோணம் 90. மூன்று மட்டும் கூடலாம். ஐங்கோணத்தின் கோணம் 108. அதுவும் மூன்று மட்டும். அறுகோணம் மூன்று கூடினாலே 360. எனவே வாய்ப்புகள் ஐந்தே. யூக்ளிடு தம் நூலின் பதின்மூன்றாம் பகுதியின் இறுதியில் நிறுவிய உண்மை இது. இதனை எழுத நமக்கு ஒரு சொல்லேனும் குறைவுபட்டதா? நடக்க இயலாது என்று வழக்காடுவோர் முன் நடந்து காட்டுவதே விடை.

சொல் மட்டும் போதுமா?

மறுபுறத்தாரையும் விடுவதற்கில்லை. நம் கருத்தைக் கேட்ட ஆர்வலர் ஒருவர், “பாத்தீங்களா, தமிழ்ச் சொல்லில் பொருள் தானே விளங்குது, வாத்தியாரே வேண்டாம்” என்று மகிழ்ந்தார். இம்மகிழ்ச்சியும் பிழையே. சொல்லாக்கிப் பட்டியல் அச்சிட்டுவிட்டால் அறிவியல் தமிழ் வளர்ந்துவிட்டது என்று எண்ணுவோர், நகைத்தோரைப் போலவே தமிழுக்குத் தீங்கு செய்கின்றனர்.

நாணயத்திற்குத் தலை, பூ என இரு முகம் உண்டு, அது பன்முகியா? அன்று. அதன் சுற்று வளைந்தது. மத்தளத்திற்கும் இரு முகம் உண்டு; அதுவும் பன்முகி அன்று. பட்டை தீட்டிய வைரம் பன்முகி. வைர வணிகர் ‘பட்டை’ என்பதைத்தான் கணிதர் முகம் என்கின்றனர். ஆக, ‘பல முகம் உடையது’ என்னும் சொற்பொருள் மட்டும் எல்லையைக் காட்டாது. தட்டையான பல்கோண முகங்களால் எல்லாப் புறமும் மூடப்பட்டு, ஒவ்வொரு விளிம்பிலும் இரண்டே முகங்கள் கூடுமாறு அமைந்த திண்மம் என்று வரையறுத்த பின்னரே பொருள் நிறைவுறும். அங்ஙனம் மூடுதற்கு நான்கு முகமேனும் வேண்டும். இருமுகியும் மும்முகியும் இவ்வகையில் இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் பவணந்தி முனிவர் இந்நுட்பத்தை அறிந்திருந்தார். காரணம் பற்றி வந்தும், அக்காரணம் உடைய எல்லாவற்றிற்கும் செல்லாது, ஒன்றற்கே வரையறுக்கப்பட்டு நிற்கும் பெயரைக் காரண இடுகுறி என்று நன்னூலின் வழியே பயில்கின்றோம். முக்கணன் என்பது அதற்கு எடுத்துக்காட்டு. மூன்று கண் தேங்காய்க்கும் உண்டு. ஆயினும் முக்கணன் எனின் சிவபெருமானே. கலைச்சொல் என்பது யாண்டும் காரண இடுகுறிப் பெயரே என்பது நம் துணிபு. காரணம் சொல்லில் உளது. எல்லை வரையறையில் உளது. காரணத்தைத் தாய்மொழியில் காண்பது பிள்ளையின் உரிமை. எல்லையைக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை. ஆங்கிலமே போதும் என்போர் முன்னதைப் பறிக்கின்றனர். சொல்லே போதும் என்போர் பின்னதை மறக்கின்றனர்.

வரையறை எளிய செயல் என்றும் கருதற்க. யூக்ளிடு தம் நூலில் கனசதுரத்தையும் எண்முகியையும் இருபதுமுகியையும் பன்னிருமுகியையும் தனித்தனியே வரையறுத்தார். பன்முகி என்பதற்குப் பொது வரையறை தரவில்லை. 1750-இல் ஆய்லர் என்னும் கணித மேதை தம் நண்பர் கோல்டுபாக்குக்கு எழுதிய மடலில் ஓர் அரிய உறவைத் தெரிவித்தார். உச்சிகளின் தொகையிலிருந்து விளிம்புகளின் தொகையைக் கழித்து, முகங்களின் தொகையைக் கூட்டின் இரண்டே வரும் என்பது அது. இனிப்புப் பெட்டிக்கு உச்சி 8, விளிம்பு 12, முகம் 6; விடை 2. உப்புப் படிகத்திற்கும் அஃதே. எண்முகியாக வளர்ந்த படிகாரத்திற்கு உச்சி 6, விளிம்பு 12, முகம் 8. விடை மீண்டும் 2. எம் மகள் அன்று அவையில் கூற வந்தது இதுவே. பெட்டியும் உப்பும் படிகாரமும் வடிவால் வேறுபட்டும் உள்ளே ஒரே எண்ணைக் காக்கின்றன என்று அவள் எண்ணிக் காட்டவிருந்தாள். மூன்றாம் நொடியில் நாம் அவளை நிறுத்திவிட்டோம்.

ஆய்லரின் உறவு எல்லாப் பன்முகிக்கும் பொருந்துமா? நம் வீட்டுப் பூசையறைப் படத்தின் மரச்சட்டத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு துண்டுகளை மூலைகளில் சாய்வாக அறுத்துப் பொருத்தியது. ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு நெடுமுகங்கள். பொருத்துக் கோடுகளையும் விளிம்பெனக் கொண்டு எண்ணின் உச்சி 16, விளிம்பு 32, முகம் 16. விடை இரண்டன்று, சுழி! நடுவே துளை இருப்பதே காரணம். இத்தகைய விலக்குகளை லூயிலியே என்பவர் 1813-இல் சுட்டினார். 1619-இல் கெப்ளர் தம் நூலில் காட்டிய விண்மீன் வடிவத் திண்மம் ஒன்றனுக்கு, ஒன்றையொன்று ஊடுருவும் முகம் 12, உச்சி 12, விளிம்பு 30. விடை ஆறு குறைவெண். இவை பன்முகியா அல்லவா? ஆம் எனின் உறவு பொய்க்கும். அல்ல எனின் வரையறையை மாற்றவேண்டும். இவ்வழக்கின் வரலாற்றையே ஆசிரியரும் மாணவரும் உரையாடும் நாடகம் போல அமைத்து இலக்காடோசு என்னும் அறிஞர் எழுதிய நூல் 1976-இல் வெளிவந்தது. ஒரு சொல்லின் பொருளைப் பற்றி அறிவுலகம் இத்தனை காலம் வழக்காடியுள்ளது. பொருளே தேடாது நாம் நகைத்தோம்.

அரசு அலுவலில் காலம் கழிக்கும் நமக்கு இது புதிதன்று. ‘குடும்பம்’ என்னும் சொல்லை அறியாதார் யார்? ஆயினும் விடுப்புப் பயணச் சலுகை விதிகளில் குடும்பம் என்பதற்கு ஒரு வரையறை. குடும்ப ஓய்வூதிய விதிகளில் வேறொரு வரையறை. ஊரில் உள்ள உடன்பிறந்தாள் குடும்பத்தில் அடங்குவாளா என்று கோப்பைப் புரட்டாத எழுத்தர் நம்முள் இல்லை. வரையறையைப் படியாது கோரிக்கையை ஒப்பினால் தணிக்கையாளர் விடார். சொல் எளிது, எல்லை அரிது என்பதை நாள்தோறும் கோப்பில் காணும் நாமே, அதனைப் பிள்ளையின் கணக்கில் காண மறுப்பது என்ன நீதி?

மூன்று மறுப்புகள்

நம்மிடம் கூறப்படும் மறுப்புகள் மூன்று.

முதலாவது, ‘பிள்ளை தேர்வில் ஆங்கிலத்தில்தானே எழுதவேண்டும், இரட்டைச் சுமை எதற்கு?’ என்பது. தேர்வில் பாலிஹெட்ரன் என்றே எழுதட்டும். அதனைத் தடுப்பார் யார்? ஆயின் பொருள் அறிந்து எழுதட்டும். நான்முகி என்பதை அறிந்த பிள்ளைக்கு டெட்ராஹெட்ரன் ஒரு நாளில் வசமாகும். பொருளறியாது ஒப்பிப்பதுதான் சுமை. பொருளோடு கூடிய இரு சொல் சுமையன்று, இரு கால்.

இரண்டாவது, ‘பிறமொழிச் சொல்லை வெறுக்கின்றீர்’ என்பது. வெறுக்கவில்லை. பேனாவும் பஸ்ஸும் ரேஷன் கார்டும் நம் வீட்டில் நாள்தோறும் வழங்குவன. பொருளோடு வந்த பெயர் பொருளோடு இருக்கட்டும். பன்முகி அங்ஙனம் கப்பலேறி வந்த பொருளன்று. உப்பில் உள்ளது, படிகாரத்தில் உள்ளது, தாயம் உருட்டிய கட்டையில் உள்ளது. நம் வீட்டில் முன்னமே இருப்பதற்கு நம் வீட்டுப் பெயர் இருத்தல் ஆகாதா?

மூன்றாவது மறுப்பே கொடியது. பெரும்பாலும் வாய்விட்டுக் கூறப்படாதது. ‘தமிழ் பாட்டுக்கும் பண்டிகைக்கும் போதும், அறிவுக்கு அது ஆகாது’ என்பது. இதனை நாம் கூறுவதில்லை, செய்து காட்டுகின்றோம். பிள்ளை தமிழில் பாடினால் கைதட்டுகின்றோம். தமிழில் எண்ணினால் நகைக்கின்றோம். இதனைக் கண்டு வளரும் குழந்தை என்ன முடிவுக்கு வரும்? தமிழ் என்பது புத்தாடை போன்றது, விழாவன்று உடுத்துப் பெட்டியில் மடித்து வைக்கத்தக்கது என்றே கொள்ளும். பின்னர், அதனை உடுத்தும் நாளும் குறையும். ஊரில் உள்ள குழந்தைக்குத் தெருவே தமிழ் கற்பிக்கும். இங்கு வளரும் குழந்தைக்கு வீடும் சங்கமும் அன்றி வேறு தெரு இல்லை. அத்தெருவிலும் சிந்தனைக்கு வழியடைத்துவிட்டால் மொழி எங்ஙனம் வாழும்?

தமிழ் அறிவுக்கு ஆகாது என்பது வரலாற்றுக்கும் பொருந்தாது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலத்தையும் பொன்னையும் நெல்லையும் கல்லையும் தமிழிலேயே அளந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் மருத்துவர் கிறீன், அமெரிக்கராய் இருந்தும், மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி மாணவர்க்குக் கற்பித்தார். 1916-இல் சேலத்தில் இராசாசி முதலியோர் அறிவியற் சொற்களுக்கெனத் தனி இதழே நடத்தினர். பெ. நா. அப்புசாமி தம் நெடிய வாழ்நாளைத் தமிழில் அறிவியல் எழுதுவதற்கே அளித்தார். தமிழகத்தின் தமிழ்வழி மாணவர் வேதியியலில் நான்முகியும் எண்முகியும் இன்றும் இயல்பாகவே பயில்கின்றனர். அங்கு எவரும் நகைப்பதில்லை. ஊரில் பாடமாக உள்ள சொல், ஊரைப் பிரிந்த நம்மிடம் மட்டும் வேடிக்கையாகிவிட்டது.

சங்கங்களுக்கு ஒரு விண்ணப்பம்

குற்றம் கூறி அமைவது எழுத்தர்க்கு அழகன்று; கோப்பின் இறுதியில் பரிந்துரை வேண்டும். நம் பரிந்துரை சிறிது. ஆண்டுமலர் ஒவ்வொன்றிலும் கணக்கோ அறிவியலோ பற்றி ஒரு கட்டுரையேனும் தமிழில் இடம்பெறுக. மாணவர் போட்டியில் வகுப்பறைப் பாடம் ஒன்றைத் தமிழில் விளக்கும் பிரிவு ஒன்று அமைக. அதற்கு நடுவராகத் தமிழாசிரியரோடு கணித ஆசிரியர் ஒருவரும் அமர்க. சொல்லுக்கு ஒரு மதிப்பெண் தருக. வரையறைக்கு இரு மதிப்பெண் தருக. இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. ஓர் இனிப்புப் பெட்டியும் ஒரு பிடி கல்லுப்பும் போதும்.

எம் மகள் அதற்குப் பின்னர்த் தமிழ் மேடை எதிலும் ஏறவில்லை. இவ்வாண்டுப் போட்டிக்குப் பெயர் தருமாறு கூறியபோது, “விடுங்கப்பா, இங்கிலீஷ்லயே பேசிக்கறேன்” என்றாள். அவ்விடையில் சினமில்லை, அதுவே நம்மை வருத்துகின்றது. சினந்திருந்தால் மீண்டும் வருவாள் என்று நம்பலாம். பெட்டி எம் வீட்டு அலமாரியில் உள்ளது. ஈரக் காற்றில் உப்பு கரைந்துவிட்டது. படிகாரம் மட்டும் எட்டு முகத்தோடு இருக்கின்றது.

வேறொரு வீட்டுப் பிள்ளை வருவாள். வேறொரு மேடையில், வேறொரு சொல்லைத் தமிழில் கூறுவாள். அன்று நகையற்க. பாலிஹெட்ரன் என்று திருத்தவும் வேண்டா. மூன்றாம் வரிசையில் அமர்ந்திருப்பவர் எழுந்து, “எத்தனை முகம்மா?” என்று ஒரு வினா கேட்பாராயின் அதுவே போதும். எண்ணிக் காட்ட அவள் அணியமாக இருப்பாள்.